சார் எப்படிங்க

பேராசிரியரின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் பொற்கொடி உட்கார்ந்திருந்தாள்.

முனைவர் பட்டத்துக்கு ஒரு நெறியாளரைத் தேடி அவள் எழுதாத நாடு இல்லை. ஜெர்மனிக்கு மண்ணியல் என்று எழுதினாள், ஜப்பானுக்கு வேதியியல் என்று எழுதினாள். பதிலே வரவில்லை. கடைசியில் நார்வேயிலிருந்து ஒரு பேராசிரியை சேர்த்துக்கொள்கிறேன் என்றார். மதுக்கரையில் சிமெண்டுத் தூசி படிந்த மண்ணைப் பற்றி அவள் எழுதியிருந்தது அவருக்குப் பிடித்துவிட்டது.

முதுகலையில் வழிகாட்டிய இந்தப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் மட்டும் வேண்டும். அது வந்தால் இடம் உறுதி.

அதற்காகத்தான், இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்றிருந்தவள் பீளமேட்டுக் கல்லூரிக்கு மறுபடி வந்திருந்தாள். கடிதத்தை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னவர் அவர்தான்.

பெஞ்சின் மறுமுனையில் பங்காரம்மா என்றோர் அம்மாளும் அவர் மகள் சைத்ராவும். சைத்ராவை இதே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்க்க வந்தவர்கள். மகள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, நீங்க இவருகிட்டத்தான் படிச்சீங்களாமா. சார் எப்படிங்க? புள்ளைய நம்பி உடலாமுங்களா?"

கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அவர் தொண்டையைச் செருமியது கேட்டது. இங்கே பேசினால் அங்கேயும் கேட்கும்.

பொற்கொடி கதவைப் பார்த்தாள். பெண் வெளிநாடு போகிறாள் என்று அப்பா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

"நல்லவருங்க," என்றாள். "நல்லாச் சொல்லிக் குடுப்பாருங்க."

பங்காரம்மாவின் முகம் தெளிந்தது.

"பொற்கொடி, உள்ள வாம்மா. கதவைச் சாத்திட்டு வா."

அவள் எழுந்தாள். இரண்டடி வைத்தவள் நின்று, சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தாள். கதவை விரியத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பங்காரம்மா அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

பொற்கொடி உள்ளே போனாள்.

கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவர் பேனாவைத் திறந்தார்.

வெளியே பங்காரம்மாவின் குரல் கேட்டது.

"எந்திரி கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

அவர் நிமிர்ந்தார். திறந்த கதவு வழியே, தாயும் மகளும் படியிறங்குவதைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

பேனாவை மூடினார். கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

பொற்கொடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.