வரிசையில் நாலாவது ஆள்

"சட்டையை மாத்திக்கிட்டு வா, ரொட்டி. ஒரு ஆள் குறையுது" என்றார் ஏட்டு.

ரொட்டி நாற்காலியை விட்டு எழவில்லை. "இன்னிக்கு என்னை விட்டுடுங்க ஏட்டையா. விடியறதுக்கு முன்னாடியிருந்து அடுப்படியில நின்னவன். கால் கெஞ்சுது."

"நிக்கத்தானே கூப்பிடுறேன், ஓடவா சொன்னேன்? அந்த ஆள் உன் உயரம், உன் நிறம், உன் மீசை. ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. உன்னை விட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?"

தினமும் காலையில் பேக்கரி அடுப்பு, சனிக்கிழமை மதியத்துக்கு மேல் காக்கிச் சட்டை. சம்பளம் இல்லாத பகுதிநேரக் காவலர். ஸ்டேஷனில் யாருக்கும் அவர் பெயர் ஞாபகமில்லை, ரொட்டி என்றால்தான் தெரியும். சேர்ந்து பத்து மாதமாகிறது. ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை.

"நல்லா இருந்த டிரைவர் வேலையை விட்டுட்டு அடுப்புல வேகப் போனீங்க. மிச்சம் இருக்கிற அரை நாளையும் ஊருக்குத் தானம் பண்றீங்க. அப்படி என்ன புண்ணியம் தேடுறீங்களோ" என்று மனைவி இடித்துக் காட்டுவாள். அவர் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பதில் சொல்லக்கூடத் தெம்பில்லாத களைப்பு என்று அவளே முடிவு செய்துகொள்வாள்.

அடையாள அணிவகுப்புக்கு ஆள் சேர்ப்பதுதான் ஏட்டுக்குப் பெரிய தலைவலி. சந்தேகப்படுகிறவனோடு, அவன் சாயலில் இன்னும் ஐந்து பேரை நிறுத்த வேண்டும். பாதிக்கப்பட்டவர் வந்து, ஆளைத் தோளில் தொட்டுக் காட்ட வேண்டும். ரொட்டி இதுவரை ஏழு முறை நின்றிருக்கிறார். ஒரு முறைகூட அவரை யாரும் தொட்டதில்லை.

"என்ன கேஸ்?"

"தையல்கார அக்கா கேஸ்தான். போன வருஷம் மழையில இடிச்சுப் போட்டுட்டு ஒருத்தன் போனானே. பால் வண்டி டிரைவர் ஒருத்தன் சிக்கியிருக்கான். அக்கா இன்னிக்கு அவன் மேல கை வெச்சா உள்ளே. வைக்கலைன்னா வீட்டுக்கு."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிறதுக்குன்னு ஒருத்தன் இனிமேத்தான் பொறந்து வரணும்" என்று ஏட்டு எண் அட்டைகளை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நடைவழியில், பெஞ்சின் ஓரத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காக்கியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சார், நான் பால் வண்டிக்காரர் சம்சாரம். காலையிலேருந்து அவர் பச்சைத் தண்ணி குடிக்கலை. இதை மட்டும் அவர்கிட்டே குடுத்துடுங்க."

"முடியட்டும்மா. நீயே குடுக்கலாம்" என்றார் ரொட்டி.

ரொட்டி காக்கியைக் கழற்றிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்ததும், உள்ளே ஆறு பேரும் சுவரோடு சுவராக நின்றார்கள். எந்த இடத்தில் நிற்பது என்பது சந்தேகப்படுகிறவனின் விருப்பம். பால் வண்டிக்காரன் இரண்டாம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ரொட்டிக்கு நாலு வந்தது.

கைத்தடி தரையில் தட்டும் சத்தம் முதலில் வந்தது. பின்னால் இன்ஸ்பெக்டரோடு அக்கா வந்தாள். மெஷின் மிதித்துக் குடும்பத்தை ஓட்டிய வலது காலை இப்போது இழுத்து இழுத்துத்தான் வைக்க முடிந்தது. இடித்தவன் வண்டியை விட்டு இறங்கி, அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, திரும்ப ஏறிப் போய்விட்டான். அந்த மூஞ்சியைச் செத்தாலும் மறக்க மாட்டேன் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றைத் தாண்டினாள். இரண்டின் முன் நின்றாள், தாண்டினாள். மூன்று. நாலாவது ஆளின் முன் கைத்தடி நின்றது. அவள் கை ரொட்டியின் தோளில் விழுந்தது.

"இவன்தான், சார்."

ஏட்டு சிரிப்பை அடக்கிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். "அக்கா, அது நம்ம ஆளு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறப்ப சனிக்கிழமை தவறாம ரோடு தாண்டி விடுறாரே, அந்தப் புண்ணியவான். தொப்பி இல்லைன்னதும் தெரியாமப் போச்சா?"

அக்கா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "அடக் கடவுளே, அந்தத் தம்பியா? பார்த்த மூஞ்சியா இருந்துச்சு, அதான் தடுமாறிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க தம்பி."

ரொட்டி குனிந்து, கையிலிருந்த நாலாம் எண் அட்டையைப் பார்த்தார்.

"பரவாயில்லைம்மா, நிதானமாப் பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "நாலை விட்டுட்டு மத்தவங்களைப் பாருங்க."

அவள் திரும்பி நடந்தாள். முன்பிருந்த உறுதி அவள் நடையில் இல்லை. இரண்டாம் எண்ணை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ இவராத்தான் இருக்கணும்" என்று தொட்டாள்.

பால் வண்டிக்காரன் கத்தவில்லை. "எனக்கு அந்த ரோடே தெரியாதுங்க" என்றான், அதையே நூறு முறை சொல்லி அலுத்தவன் குரலில். கதவுக்கு வெளியே தூக்கு கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார். மற்றவர்கள் கலைந்தார்கள். ஏட்டு ஒவ்வொருவரிடமும் அட்டையை வாங்கிக்கொண்டு வந்தார்.

"அட்டையைக் குடு ரொட்டி. உன் வேலை முடிஞ்சுது. போய் உட்காரு."

ரொட்டி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அட்டையையும் கொடுக்கவில்லை.

"எழுதாதீங்க, சார். அக்கா முதல்ல தொட்டதுதான் சரி."