நெரிசல் இல்லாத சந்திப்பு

"இருபது வருஷம் கழிச்சு எத்தனை வண்டி வரும்? ஒரே எண்ணா சொல்லுங்க, ஜோசியரே," என்றார் பெரியவர்.

மேஜையைச் சுற்றி இருந்த அதிகாரிகள் சிரித்தார்கள். ரயில்வேயில் மேலதிகாரி சிரித்து முடிப்பதற்குள் சிரிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பதவி உயர்வு.

ஜோசியர் என்பது திட்டப் பொறியாளனுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர்.

ஒரே எண் கிடையாது என்று அவன் திரும்பவும் சொன்னான். துறைமுகம் வளர்ந்தால் சரக்கு வண்டிகள் இரட்டிப்பாகும். சிமெண்ட் ஆலை மூடினால் பாதியாகும். எது நடக்கும் என்று எவனுக்குத் தெரியும்?

அதனால்தான் பெரிய மேம்பாலமெல்லாம் இப்போது வேண்டாம் என்றான். சந்திப்பில் சரக்கு வண்டிகளுக்கு மட்டும் ஒரு சுற்றுப்பாதை. அதன் பக்கத்தில் கொஞ்சம் வெற்று நிலம். வண்டி பெருகினால் அங்கே கட்டிக்கொள்ளலாம். பெருகாவிட்டால் புல் முளைத்துவிட்டுப் போகட்டும்.

"புல்லுக்கு யாருய்யா ரிப்பன் வெட்டுவாங்க?" என்றார் நிதி அதிகாரி.

மறுபடியும் சிரிப்பு. மதியச் சாப்பாட்டுக்கு அப்பால் எதிர்காலம் என்று ஒன்று இருப்பதையே நம்பாத கூட்டம்.

அந்த நிலத்தின் மேல் ஒரு வணிக வளாகக்காரனுக்குக் கண். நிலம் ரயில்வேக்கு வேண்டும் என்று இந்தக் கூட்டம் இன்று சொல்லாவிட்டால் அது அவனுக்குப் போய்விடும். பிறகு எத்தனை வண்டி வந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

பெரியவர் கோப்பைத் திறக்கவே இல்லை. ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இப்பதான்யா அதே சந்திப்பு வழியா வந்தேன். என் வண்டி ஒரு சிக்னல்லயும் நிக்கல. எங்க இருக்கு உன் நெரிசல்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பெரியவரின் தனி ரயில் போக வேண்டுமென்றால் மற்ற ரயில்களைப் பிடித்து நிறுத்துவார்கள் என்பது அந்த அறையில் தேநீர் கொடுப்பவருக்குக்கூடத் தெரியும்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான்.

மூடிக்கொண்டான்.

நிலம் போயிற்று. கைதட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

வராந்தாவுக்கு வந்ததும் கைபேசி அடித்தது. கண்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கும் அக்காவின் கணவர்.

"மாப்ள, நீ காலைல கேட்டுக்கிட்ட மாதிரியே அத்தனை வண்டியையும் வெளியில நிறுத்திட்டு, உங்க பெரியவரைப் பறக்க விட்டுட்டேன். நல்ல மூடுல வந்து சேந்தாரா?"

"ரொம்ப நல்ல மூடுல, மாமா."