பஸ்ஸில் ஏறியவர்கள்

நாற்பத்தொரு நாள்களாக அவள் அதே பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கையில், கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும் நேரே இங்கேதான்.

"அண்ணே, உங்க ரசிகை வந்தாச்சு!" கண்டக்டர் குரல் கொடுத்தான். பின் இருக்கைகளில் சிரிப்பு எழுந்தது. டிரைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில்கூட அவளைப் பார்க்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் டீ குடிக்கப் போனான். நாற்பது நாளும் தொண்டைவரை வந்து திரும்பிய கேள்வி இன்று வெளியே வந்துவிட்டது.

"சண்டை முடிஞ்ச அன்னிக்கு, சரணடைஞ்ச பசங்களை ஏத்திட்டுப் போனது நீங்கதானே? டெப்போவுல சொன்னாங்க."

அவர் இஞ்சினை அணைத்தார். "ஆமா."

"என் பையனும் அதுல ஏறினான். பத்தொன்பது வயசு. துப்பாக்கியப் போட்டுட்டுக் கையத் தூக்குடா, விட்டுடுவாங்கன்னு நான்தான் அனுப்பினேன்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். அன்று ராணுவம் எழுதிய பெயர்ப் பட்டியலின் நகல். மடிப்புகளெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது.

"ஏழாவது பேரு. மூணு வருஷமா இதை வச்சுக்கிட்டு நான் ஏறாத ஆபீஸ் இல்ல. நாப்பத்துமூணு பேர்ல ஒருத்தன்கூடத் திரும்பல."

"நாப்பத்துநாலு."

"உங்களையும் சேத்தா? நீங்கதான் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே!"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"எங்க கொண்டுபோய் விட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்கண்ணே. புதைச்ச இடமா இருந்தாலும் பரவாயில்ல."

"தெரியாதும்மா. பாதி வழியில என்னை இறக்கி விட்டுட்டு அவங்களே ஓட்டிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் பஸ் மட்டும் டெப்போவுக்கு வந்துச்சு." சாவியை உருவினார். "உள்ளேயெல்லாம் நல்லாக் கழுவியிருந்தாங்க."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவே நாலு பேரைக் கேட்டிருக்கலாமே. உங்களுக்கென்ன வந்தது? யாரோ பெத்த பிள்ளைங்கதானே!"

டிரைவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை விரலை மெல்ல ஓட்டினார். தாளின் அடிக்கு வந்தும் விரல் நிற்கவில்லை. வெற்றிடத்தில் இன்னும் கொஞ்சம் போயிற்று.

"ஜன்னல் ஓரமா நின்னு பேரு எழுதிட்டிருந்தாங்க. அப்போ ஒருத்தனை நான் பின்கதவு வழியா ஏத்தினேன். 'பேரு குடுக்காதடா, ஓட்டப்போறது நான்தானே, போற வழியில இறக்கி விட்டுடறேன்'னு சொன்னேன்."

"யாரை?"

"என் பையனை. அவன் அந்த பஸ்ல ஏறவே இல்லன்னு எல்லா ஆபீஸ்லயும் சொல்றாங்க, தங்கச்சி."