கொசுவம் பிடித்த கை

சவரிமுத்து தானாக ஒரு வேலை செய்தாலும் போதும், காப்பீட்டுக் கம்பெனி மறுநாளே தாதியை நிறுத்திவிடும். அதைக் கவனிக்கத்தான் சுவரில் ஒரு கேமராக் கண்ணும், கேள்வி கேட்க ஒரு குரலும் வைத்திருந்தார்கள். பக்கவாதம் வந்த இந்த மூன்று வருஷமாக அவரைத் தூக்குவதும் ஊட்டுவதும் தாதி பர்வீன்தான்.

அன்று தங்கை மகள் கல்யாணத்துக்காக அவர் மனைவி அமலோற்பவம் பட்டு கட்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவள் பட்டு கட்டினால் அவர்தான் மண்டிபோட்டுக் கொசுவம் பிடித்துவிடுவார். "நாப்பது வருஷ சர்வீஸ், சம்பளந்தான் இல்ல" என்று கிண்டல் வேறு. இப்போது நாற்காலியிலிருந்து மெல்லக் குனிந்து, நடுங்கும் விரல்களால் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவினார்.

சுவர் கேட்டது: "இதை இவர் தானாகச் செய்தாரா?"

"நீங்கதான் அவர் கையைப் பிடிச்சுச் செய்ய வச்சீங்கன்னு சொல்லிருங்கம்மா," என்று பர்வீன் காதோடு பதறினாள். "இல்லாட்டி நாளைலேருந்து நான் வர முடியாது. உங்க மூட்டு வலிக்கு இவரைத் தூக்குவீங்களா?"

அமலோற்பவம் கீழே பார்த்தாள். வேலையை ஒழுங்காக முடித்தவரின் பெருமையோடு அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரேதான் செஞ்சாரு," என்று சுவரிடம் சொன்னாள். பிறகு அவரிடம் குனிந்து, "எடது பக்கம் இன்னும் தூக்கலா நிக்குதுங்க, கொஞ்சம் இழுத்து விடுங்க," என்றாள்.