பெர்னடெட் கொடுக்கும் சுருதி

பிலடெல்பியாவின் இந்த மதுக்கடையில், மாலை நான்கு மணிக்கு நாற்காலிகள் இன்னும் மேசைமேல் கவிழ்ந்தே கிடக்கின்றன. கதவிடுக்கு வெயில் டிரம் வாசிக்கும் ரூஃபஸின் பித்தளைத் தாளத்தட்டில் விழுந்து நடுங்குகிறது. பெர்னடெட் தன் ஓபோ குழலின் சீவாளியை உதட்டில் நனைத்து, ஒரே சுருதியை நீட்டிப் பிடிக்கிறாள். இருபது வருடம் சிம்பொனி இசைக்குழுவில் எண்பது பேரும் அவள் சுருதிக்குத்தான் ஏறியும் இறங்கியும் வந்து சேர்ந்தார்கள். ஜாஸுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "ஏம்மா பெர்னி, யாருக்குச் சுருதி குடுக்கற? என் டிரம்முக்கா?" என்று ரூஃபஸ் சிரிக்கிறான். பியானோவின் முன் இருக்கும் நான் சிரிக்கவில்லை. மூலையில் அவள் கணவன் கர்டிஸின் ஆளுயரத் தந்தி வாத்தியம், டபுள் பாஸ், சுவரில் சாய்ந்திருக்கிறது. அவனைப் புதைத்து ஆறு வாரமாகிறது. அவள் ஊதுவதை நிறுத்துகிறாள். சத்தம் நிற்கவில்லை. யாரும் தொடாத அந்த பாஸின் தந்தி ஒன்று மெல்ல முனகுகிறது, அவள் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே. "இறக்கியே வச்சிருக்கான் பாரு. சிம்பொனியிலயும் இதே ரோதனைதான். எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்" என்கிறாள். ரூஃபஸ் குச்சிகளை மடியில் வைத்துவிடுகிறான். தந்தி அடங்குவதற்குள் அவள் அவசரமாக ஓபோவை வாயில் வைத்து, உதட்டைத் தளர்த்தி, தன் சுருதியை அவனுடையதற்கு இறக்குகிறாள்.