சிவப்பு வந்தவர்

சுமை தூக்கும் இசக்கிமுத்துவுக்கு இடுப்பு வலி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிசியோதெரபிஸ்ட் பிலோமினா, கணினித் திரையில் வந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இந்த வலி போயிரும்னு நினைக்கீங்களா அண்ணே?"

"எங்க அப்பா இப்பிடித்தாம்மா படுத்தாரு. பொறவு எந்திரிக்கவே இல்ல."

அவள் அந்தப் பதிலைப் பதிந்ததும் திரை சிவப்பானது. ஒரு வருடத்துக்குள் அவர் நிரந்தரமாக முடங்கிவிடுவார் என்று அதற்கு அர்த்தம். அதை நோயாளியிடம் அப்படியே சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

பிலோமினா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பச்சைதாண்ணே. பயப்படாம நடங்க, முடிஞ்ச வேலையச் செய்யுங்க. வாரம் ஒருக்கா வந்து என்னையப் பாருங்க."

அவர் முகம் தெளிந்தது.

ஆறு மாதம் கழித்து நடந்த தணிக்கையில் அவள் நிறத்தை மாற்றிச் சொன்னது வெளிப்பட்டது.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டார் மாவட்ட அதிகாரி.

"உண்மையச் சொல்லியிருந்தா அன்னைக்கே படுத்திருப்பாரு சார்."

"இப்ப எங்க இருக்கார்?"

"லோடு இறக்கப் போயிருக்காரு."

அதிகாரி பணிநீக்க உத்தரவில் கையெழுத்திட்டு நீட்டினார். அவள் வாசல்வரை போனதும் தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

"என் மனைவிக்குப் போன மாசம் சிவப்பு வந்துச்சும்மா. கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கிறா. ஒரு தடவை வந்து பாக்கிறீங்களா?"