இருபத்தேழாவது வீடு

"ஒரு விடுகதை சொல்லுதேன், விடை சொல்லுங்க. தெரு உண்டு, நடக்க ஆள் கிடையாது. கடை உண்டு, ஷட்டர் திறக்காது. எத்தனை மழை பெய்தாலும் ஒரு சொட்டு நனையாது. எந்த ஊர்?"

பள்ளிக் கண்காட்சிக்கு வந்தவர்களிடம் கேட்டாள் எட்டாம் வகுப்பு ஸ்டெனி.

"கடையடைப்பு அன்னைக்கு நம்ம மார்த்தாண்டம்!" என்றார் ஒரு மாணவனின் அப்பா.

"ஊர் சரி மாமா. ஆனா மழைக்கு நனையாதே!" என்று சிரித்து, பொத்தானை அமுக்கினாள்.

திரையில் மார்த்தாண்டத்தின் வரைபடம். வீடுகளும் கடைகளும் வெறும் கட்டங்களாகக் கிடந்தன. அடுத்த நொடி, கட்டங்களெல்லாம் ஆப்ப மாவு பொங்குவதுபோல் மேலே எழும்பிக் கட்டடங்களாயின. ஸ்டெனி மவுஸை நகர்த்த, மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து சந்தையைச் சுற்றி வந்தார்கள்.

"உனக்க வீட்டைக் காட்டு மக்கா" என்றார் அதே அப்பா.

ஸ்டெனியின் கை நின்றது. மாணவர்கள் எண்ணி வந்த விவரமெல்லாம் இன்று காலையில்தான் சேர்க்கப்பட்டிருந்தது. தன் தெருவை அவள் இன்னும் பார்க்கவில்லை.

மெதுவாகச் சந்துக்குள் திருப்பினாள். பார்த்தாள். பிறகு அவள் குரல் உயர்ந்தது.

"இது எங்க தெரு. அதோ, இருபத்தேழாவது வீடு எங்களுது. மாடியில இருக்கது எனக்க ரூம்."

"ஏட்டி, நீ மாடி வீடுன்னு சொன்னப்ப நாங்க யாரும் நம்பல்ல, கேட்டியா!" என்றாள் வகுப்புத் தோழி ஒருத்தி.

பின்னால் நின்ற கணினி ஆசிரியர் குமாரதாஸ் முகம் சுளித்தார்.

"ஜினிஷா, இங்க வா."

அதே வகுப்பு ஜினிஷா வந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் தெருவில நாப்பத்திரண்டு வீடு. அத்தனையும் அச்சில வார்த்த மாதிரி ரெண்டு தளம். நீ போய் எண்ணினியா, இல்லியா?"

தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை தளம் என்று குறிப்பது மாணவர்களின் வேலை. தன் தெருவைத் தானே எண்ணக் கூடாது என்பது சாரின் சட்டம். விட்டால் சொந்த வீட்டுக்கு ஒரு மாடி கூட்டிக் கட்டிவிடுவார்களாம். ஸ்டெனியின் தெரு ஜினிஷாவுக்கு விழுந்தது.

கணினியில் எண்ணிக்கையைப் பதியாமல் விட்டால், மென்பொருள் தானாகவே இரண்டு தளம் போட்டுக்கொள்ளும். ஜினிஷா ஒரு வீட்டுக்கும் பதியவில்லை.

"ஏசி கார்ல கொண்டு விட்டா எண்ணுவா சார்" என்றான் பக்கத்தில் நின்ற எட்சன்.

"நீ சும்மா இருலே" என்ற சார், ஜினிஷாவின் பக்கம் திரும்பினார். "நாகர்கோவில்ல நடக்குத மாவட்டப் போட்டிக்கு உனக்க பேரும் ஸ்டெனி பேரும் எழுதி வச்சிருக்கேன். பதினொரு மணிக்கு நடுவர் வருவாங்க. எண்ணி வச்சிருந்தா இப்பவே கம்ப்யூட்டர்ல அடிச்சு ஏத்து, அஞ்சு நிமிஷம் போதும். ஒரு வீடு காலியா இருக்கக் கூடாது. நோட்டை வாங்கி ஒத்துப் பாப்பேன். எண்ணலன்னா உனக்க பேரை எடுத்துட்டு எட்சன் பேரை எழுதுவேன்."

நாகர்கோவில் போகப்போவதை, தோஹாவில் இருக்கும் அப்பாவிடம் ஜினிஷா நேற்றே போனில் சொல்லியிருந்தாள்.

பைக்குள் கைவிட்டாள். நோட்டை வெளியே எடுக்காமல் உள்ளேயே பிரித்தாள். மூன்று சாயங்காலம் நடந்து எழுதிய பக்கம். ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை, ஒரு வீடு விடாமல்.

26: மூன்று தளம்.

27: ஒரே அறை, தகரக் கூரை.

28: இரண்டு தளம்.

திரைக்கு முன்னால் ஸ்டெனி அடுத்த கூட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க ஆன்டி, எங்க வீட்டைப் பாக்க வாங்க!"

"என்னட்டி, எண்ணினியா?" என்றார் சார்.

ஜினிஷா நோட்டை மூடினாள். பையின் ஜிப்பை இழுத்தாள்.

"எண்ணல சார்" என்றாள்.